இமைக்கு அடியில் கனவு ஓடும் நேரம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன் நான். ல, ள, ழ மூன்றில் எது எங்கே வரவேண்டும் என்பது இன்றைக்கும் குழப்பம்தான். ஆஸ்பத்திரியில் அத்தனை வருஷம் வேலை பார்த்தும் நான் எழுதியதெல்லாம் கட்டில் தலைமாட்டு அட்டையில் காய்ச்சல் அளவும், சம்பளத்துக்கு ஒரு கையெழுத்தும்தான். தப்பு கண்ணில் பட்டால் வாசிக்கிறவர்கள் மனசுக்குள் திருத்திக்கொள்ள வேண்டும்.

இதை எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, போன மாதம் ஒரு காரியமாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண்கள் ஒரு பத்திரிகையை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டில் தூங்குகிறவர் தலையில் வயர் ஒட்டி, கனவு எப்போது வருகிறது என்று மெஷின் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டுகிறதாம். அதில் ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க மெஷின் இல்லாமலே பாப்பியளாமே! பெரிய சிஸ்டர் சொன்னாவ. எப்படி அண்ணாச்சி? சொல்லுங்களேன்."

"ஆமா, பாத்தேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. வீட்டுக்கு வந்தபிறகு வருத்தமாக இருந்தது. ஆசையாகக் கேட்ட பிள்ளைகள். அதனால் எழுதுகிறேன்.

நான் பண்பொழிக்காரன். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு பாயாகச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பாய் என்றால் பையன் என்று அர்த்தமாம். எனக்கு மகன் பிறந்த பிறகும், தலை நரைத்த பிறகும் பாய்தான். படுக்கைச் சட்டி எடுப்பது, வலிக்காமல் நோயாளியைப் புரட்டுவது, காய்ச்சல் கம்பியை உதறி நாக்குக்கு அடியில் வைத்துப் படிப்பது எல்லாம் ஏலியாம்மா சிஸ்டர் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தது. சிஸ்டர் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், மலையாள நாட்டிலிருந்து வந்தவர். அவர் போட்ட சட்டம், காலை ஐந்து மணிக்கு வார்டில் மணி அடிக்கவேண்டும். எல்லாரையும் எழுப்பி, முகம் துடைத்து, காய்ச்சல் பார்த்து, காப்பி கொடுத்துவிட வேண்டும். செத்துக்கொண்டிருக்கிறவனும் ஐந்து மணிக்கு எழுந்துதான் ஆகவேண்டும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

பெரிய டாக்டர் தென்காசியில் பிறந்தவர். சென்னையில் படித்து, கொஞ்ச காலம் கடல் தாண்டியும் இருந்துவிட்டு வந்தவர். கோயிலுக்குள் வருகிறவர் மாதிரி செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வார்டுக்குள் வருவார். நோயாளியைத் தொடும் முன்பு உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். தூங்குகிறவரைப் பார்க்க வந்தால் எழுப்ப மாட்டார், கட்டில் பக்கத்தில் கை கட்டி நிற்பார். ராஜா முன்னால் நிற்கிறவர் போல இருக்கும். இன்னொன்று, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். படித்தவர்களில் அப்படி ஒருவரை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

ஒரு நாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"முத்தையா, நீ அதிகம் பேச மாட்டேல்லா?"

நான் பேசவில்லை.

"அதான்வே எனக்கு வேணும்" என்றார்.

வெளிநாட்டு வைத்தியப் பத்திரிகையில் தூக்கத்தைப் பற்றிப் படித்திருந்தார். நம் ஊரில் அதற்கு மெஷின் கிடையாது, கண்ணால் பார்க்க முடிகிறதா என்று பார்க்கலாம் என்றார். எனக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொன்னார்.

"தூக்கம்னா ஒரே கிணறுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம். விழுந்தா விழுந்தோம், விடிஞ்சா ஏறுனோம்னு. அப்படி இல்ல. அது படி வச்ச தெப்பக்குளம். மனுசன் ஒவ்வொரு படியா இறங்குதான். அடியில கொஞ்ச நேரம் கிடக்கான். பெறவு மேல வருதான். கரையேறாமலே திரும்பவும் இறங்குதான். ராத்திரி முழுக்க இந்தப் போக்குவரத்துதான். மேல வருத நேரத்துல கனவு ஓடுது. நீ அதைப் பாக்கணும்."

முதலில் தன்னையே பார்க்கச் சொன்னார். அவர் அறையில் ஒரு கட்டில் போட்டு, விளக்குக்குச் சிவப்புக் காகிதம் சுற்றி, நான் தலைமாட்டில் குட்டை முக்காலியில் உட்கார்ந்தேன். இமையை நேராகப் பார்க்கக் கூடாது, பக்கவாட்டில் சாய்ந்து பார்க்கவேண்டும். கருவிழி இருக்கிற இடத்தில் இமை சின்னதாக மேடு தட்டியிருக்கும். அந்த மேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நான் கண்டதைக் கண்டபடி சொல்கிறேன். கண் செருகும்போது அந்த மேடு சோம்பலாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும். கால் ஒரு வெட்டு வெட்டும், படியில் தவறினவன் போல. அந்த நேரம் எழுப்பினால் யாராக இருந்தாலும் "நான் தூங்கவே இல்லையே" என்பார்கள். அதற்கு அடுத்த படி லேசான தூக்கம். எழுப்பினால் சில பேர் எதையோ நினைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். உளுந்து வாங்க வேண்டும், கூரையில் ஓடு மாற்ற வேண்டும், இந்த மாதிரி. அது கனவு என்று சொல்ல முடியாது, நினைப்பு. பிறகு ஆழத்தூக்கம். மூச்சு, ஆசாரி மரத்தில் வாள் இழுப்பது போல ஒரே சீராக வரும். எழுப்புவதே பெரிய பாடு. எழுந்தாலும் திருதிருவென்று விழிப்பார்கள், அநேகமாக ஒன்றும் சொல்லத் தெரியாது. பிள்ளைகள் திடீரென்று அலறி உட்காருவதும் தூக்கத்தில் நடப்பதும் பெரும்பாலும் இந்த ஆழத்தில்தானாம். கனவு கண்டு பயந்துவிட்டது என்று நாம் விபூதி பூசுகிறோம்.

அதெல்லாம் கடந்து ஒரு நேரம் வந்தது. சீராக வந்த மூச்சு தட்டுக்கெட்டது. டாக்டரின் தாடை தொங்கிவிட்டது. கையை மெல்லத் தூக்கி விட்டேன், ஈரத்துணி போல விழுந்தது. செத்த உடம்புக்கும் அதற்கும் வித்தியாசம் மூச்சுதான். அப்போது இமைக்கு அடியில் அந்த மேடு ஓட ஆரம்பித்தது. இடது, வலது, மேலே, சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். பாசிக்கு அடியில் மீன் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி. உடம்பு கல்லாகக் கிடக்கிறது, கண் மட்டும் எதையோ துரத்திக்கொண்டு போகிறது. முக்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். அவர் பார்ப்பதை நான் பார்க்கவில்லை, ஆனால் அவர் பார்க்கிறார் என்பதைப் பார்க்கிறேன். இதற்குமேல் சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை.

கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சொல்லியிருந்தபடி தோளைத் தொட்டு எழுப்பினேன்.

"அட சண்டாளா, நல்ல இடத்துல எழுப்பிட்டியேலே!" என்று எழுந்தார். "கல்யாணப் பந்தி. இலை போட்டாச்சு. எந்திரிச்சுக் கை கழுவப் போவோம்னு பாத்தா இடுப்புல வேட்டி இல்ல. எப்படி எந்திரிக்க?"

நான் சிரிப்பை அடக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரும் சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பாத்தியாவே, நேரம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

அதன்பிறகு சம்மதித்தவர்களை மட்டும் பார்த்தோம். எழுப்பினால் ஒரே கேள்விதான் கேட்கவேண்டும்: "இப்ப என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சு?" வேறு ஒரு சொல்கூட எடுத்துக்கொடுக்கக் கூடாது. நாம் சொன்ன சொல்லையே அவர்கள் கனவாக்கித் திருப்பித் தந்துவிடுவார்கள் என்பார் டாக்டர். தூங்கி ஒன்றரை மணி நேரம் கழித்து வருகிற முதல் ஓட்டம் சின்னது, வரவர நீளும், விடியற்காலையில் வருவதுதான் ரொம்ப நீளம் என்பதையும் அப்போதுதான் நான் கண்டேன். விடியும் முன்பு வார்டில் ஒரு நடை நடந்தால் போதும். ஜவுளிக்கடைக்காரர், மாட்டுவண்டிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், எல்லாரும் வரிசையாக அசையாமல் கிடப்பார்கள். ஒவ்வொருவர் இமைக்குள்ளும் ஒரு ஊர் நடந்துகொண்டிருக்கும். நான் கையில் படுக்கைச் சட்டியோடு அந்த ஊர்களுக்கு நடுவில் நிற்பேன்.

இனி வேலாயுதம் விஷயம்.

அவர் இலஞ்சிக்காரர், வயல் வேலை செய்கிறவர். நல்ல உயரம். மனைவி கோமதி வில்வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தபோது தோள் எலும்பு இரண்டும் சட்டைக்குள் துருத்திக்கொண்டிருந்தது. வயிற்றில் நோய் ஒன்றும் இல்லை. சாப்பிட மாட்டேன் என்கிறார், அவ்வளவுதான். அந்தத் தை மாதம் அவர்களுடைய மகள் செண்பகம் விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். பத்து வயசுப் பிள்ளை. உயிர் போன நேரம் இவர் வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். ஆள் போய்ச் சொல்லி, இவர் வந்து சேரும் முன்பு முடிந்துவிட்டது.

டாக்டர் கேட்கக் கேட்க அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எல்லாருக்கும் எம்மவ கனவுல வருதா, டாக்டர் ஐயா. இவளுக்கு வருதா. என் தம்பிக்கு வந்தா. பால் ஊத்துத ஆச்சிக்குக்கூட வந்து, தலை பின்னி விடுன்னு கேட்டாளாம். எனக்கு மட்டும் வரல்ல. ஒரு நா கூட வரல்ல. எம்மேல கோவம். கடைசியில நான் பக்கத்துல இல்லேல்லா? கோவம் தீராதவளுக்கு முன்னால நான் என்னத்த சோறு திங்க?"

"கனவு வராத மனுசன் கிடையாது. உங்களுக்கும் வரும், நெனப்புல நிக்கல, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

"நீங்க ஆறுதலுக்குச் சொல்லுதிய."

கஞ்சியைக் கோமதி வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெளியே வந்த டாக்டர், "இப்படியே போனா ஆளு தாங்க மாட்டாருவே. மருந்து அவரு கனவுலதான் இருக்கு. எடுத்துக் காட்டணும்" என்றார். எழுப்பிப் பார்க்க வேலாயுதத்திடம் சம்மதம் கேட்டுக்கொண்டார். அந்தப் பிள்ளை பெயரை நான் எந்த நிலையிலும் வாயில் எடுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினார்.

முதல் இரவுகள் வீணாயின. முதல் ஓட்டத்தில் எழுப்பினேன். "ஏதோ வெளிச்சம்... போயிட்டு" என்றார். அவசரத்தில் ஒருமுறை ஆழத்தூக்கத்தில் எழுப்பிவிட்டேன். "மடையை அடைச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு விழுந்து தூங்கிவிட்டார். விடியும் முன்பு பார்க்கலாம் என்று காத்திருந்தால், இருட்டு இருக்கும்போதே அவராக எழுந்து உட்கார்ந்து கால் மாட்டில் கை துழாவினார்.

"என்ன அண்ணாச்சி தேடுதிய?"

"மம்மட்டி. முறைத்தண்ணி வந்துரும்."

சின்ன வயசு முதல் அவருக்கு அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துவிடும். வாய்க்காலில் தண்ணீர் முறை அப்போதுதான். மடை திறக்காவிட்டால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும். கனவு நீளமாக ஓடுகிற நேரத்தில் இந்த மனிதர் ஆயுசு முழுக்க வரப்பில் நின்றிருக்கிறார். மறுநாள் டாக்டரே வந்து என்னோடு உட்கார்ந்தார். வேலாயுதம் வழக்கம்போல எழுந்து, மம்மட்டி தேடி, ஏமாந்து, மறுபடி படுத்துக் கண்ணயர்ந்தார். மெல்ல மெல்ல மூச்சு தட்டுக்கெட்டது. இமை மேடு ஓட ஆரம்பித்தது. டாக்டர் என் கையைப் பிடித்தார்.

கணகணவென்று சிஸ்டரின் மணி அடித்தது. வேலாயுதம் வாரிச்சுருட்டி எழுந்தார்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சிஸ்டர், இத்தனை வருசமா இங்கன எத்தனை பேரு கனவை மணியடிச்சுக் கலைச்சிருக்கோம்னு தெரியுமா?"

"எந்தா டாக்டரே? கனவுக்கு டெம்பரேச்சர் இல்லா. நோயாளிக்கு உண்டு" என்றார் சிஸ்டர்.

"ஒரு வார்டுல மட்டும் மணி வேண்டாம். ஆறரை வரைக்கும்."

சிஸ்டர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று சாயந்தரம் பார்த்தால், மணியின் நாக்கில் பஞ்சைச் சுற்றி நூலால் கட்டிக்கொண்டிருந்தார். "என்ன நோக்குந்நு? போயி ஜோலி செய்" என்று என்னை விரட்டினார்.

மணி அடங்கியது. ஆனால் வேலாயுதத்துக்குள் இருக்கிற மணியை யார் கட்டுவது? கோமதிதான் அதைச் செய்தாள்.

"நீங்க தூங்குங்க. மடையை நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

"பைத்தியமா ஒனக்கு? பொம்பள மடைக்குப் போனா ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஊருக்குப் பல்லு எப்படி இருக்குன்னு பாத்துக்கிடுதேன்."

அவர் நம்பவில்லை. மறுநாள் காலை அவள் வார்டுக்கு வந்தபோது முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது, சேலை நுனி நனைந்திருந்தது. ஏலியாம்மா சிஸ்டர் கழுவித் துடைத்த தரையில் அந்தக் காலோடு நடந்து வந்து அவர் முன்னால் நின்றாள். "ரெண்டு வயலும் பாய்ஞ்சாச்சு. கீழ வயலுக்காரன் வந்து எட்டிப் பாத்தான். மம்மட்டியத் தூக்கிக் காட்டுனேன், போயிட்டான்." வேலாயுதம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் தரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், துடைக்கிற துணியை எடுக்கப் போய்விட்டார்.

அன்று ராத்திரி அவர் மம்மட்டி தேடவில்லை.

சாரல் பிடித்திருந்தது. அருவி இரைச்சல் வார்டு வரைக்கும் கேட்டது. ஜன்னல் கம்பி தெரிகிற அளவுக்கு வெளுக்க ஆரம்பித்த நேரம் அவருக்கு அது வந்தது. தாடை தளர்ந்தது. விரல் நுனி துடித்தது. இமைக்கு அடியில் ஓட்டம். அப்படி ஒரு ஓட்டத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை. இடமும் வலமும் தாழவும் பாய்ந்தது. டாக்டர் வாசல் பக்கம் கை கட்டி நின்றார். நான் எழுப்பப் பயந்துகொண்டு, எழுப்பாமல் இருக்கவும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் தலை அசைத்தார். தோளைத் தொட்டேன்.

"அண்ணாச்சி. இப்ப என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சு?"

கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், ஆனால் என்னை அல்ல.

"துண்டு நாறிப்போகும்னு வைதுட்டேனே..." என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

"வாய்க்கால்ல நிக்கா. பாவாடையத் தூக்கிச் சொருகிக்கிட்டு. 'யப்பா, துண்டத் தா, அயிரை மீனு ஓடுது'ங்கா. 'ஏட்டி, புதுத் துண்டு, நாறிப்போகும்'னு சொல்லுதேன். அதுக்குச் சிரிக்கா. கையக் காட்டுதா, அந்தா போகுது, இந்தா போகுதுன்னு. நானும் குனிஞ்சு பாக்கேன். அவ செத்துப்போனதே எனக்குத் தெரியல்லய்யா. தெரியவே இல்ல." எழுந்து உட்கார்ந்தார். கண்ணில் நீர் வடிந்தது, துடைக்கவில்லை. "நிமிந்து என்னமோ சொல்ல வாயத் தொறந்தா. நீங்க தொட்டுட்டிய."

அன்று கோமதி சேற்றுக் காலோடு வந்ததும் சொன்னார். அவள் கேட்ட முதல் கேள்வி, "கோவமா இருந்தாளா?"

"கோவமா? அவளுக்கு மீனுலல்லா கவனம்!"

"செத்தும் அவளுக்கு அயிரைதான் கேக்குதோ?" என்று அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தக் கஞ்சிய இங்கன எடு" என்றார்.

குடித்து முடித்தபின் டாக்டரிடம் கேட்டார். "தினமும் வந்திருப்பாளா? நான்தான் பாதியில எந்திரிச்சுப் போயிருப்பனோ?"

என் மனசு 'ஆமான்னு சொல்லுங்களேன்' என்று கெஞ்சியது. டாக்டர் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "கனவு தினமும் வருது, அது எனக்குத் தெரியும். அதுல யாரு வருதாங்கன்னு தெரியல. எனக்கு மட்டுமில்ல, உலகத்துல யாருக்கும் தெரியல."

வேலாயுதத்தின் முகத்தில் வருத்தம் இல்லை.

"நாளைக்கும் எழுப்பிப் பாப்போமா?" என்று டாக்டர் கேட்டார். "இன்னொரு தடவ மவகிட்ட பேசலாம்லா."

"வேண்டாம் ஐயா."

"ஏன்?"

"எழுப்புனா எனக்குத் தெரியுது. ஆனா அவ போயிருதா. தெரியாட்டா என்ன? இருந்துட்டு, மீனப் புடிச்சுட்டு, மெதுவாப் போகட்டும். பாதியில யாரும் கூப்பிட வேண்டாம்."

டாக்டர் எழுந்து நின்றார். வணங்கினாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இரண்டு கையும் சேர்ந்தது போலத்தான் இருந்தது. உடம்பு தேற இன்னும் சில நாள் அவர் வார்டில் இருந்தார். அவரை எழுப்பவே கூடாது என்று உத்தரவு.

மறுநாள் விடியும் முன்பு வழக்கம்போல அந்த வார்டுக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஜன்னல் வெளுத்துக்கொண்டு வந்தது. அவர் மூச்சு மாறியது. இமைக்கு அடியில் மெல்ல ஆரம்பித்து, பிறகு வேகமாக, இங்கும் அங்கும் ஓடியது. யார் வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் எழுந்தபின் தெரியாது. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் மூச்சு விட்டு, அது தானாக நிற்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சௌமிய வருஷம், ஐப்பசி மாதம் 9-ஆம் தேதி.